பிள்ளை வீட்டில் இருக்கிறாளா?

என் கணவர் குடிகாரர் இல்லை. வேறு பெண் பக்கம் போனவரும் இல்லை. பிறகு ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: எங்கள் இருவருக்கும் வாய் நீளம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு லயத்துக் காம்பராவின் ஒற்றை அறைக்குள் அப்படி இரண்டு வாய் அடங்காது. மகள் சின்ன வகுப்பில் இருக்கும்போதே அவர் பூண்டுலோயாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை தேடிக்கொண்டு கடைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டார். நான் அட்டன் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்குப் போட்டேன்.

அதிலிருந்து மாதம் ஒரு நாள் அவர் நீதிமன்றத்துக்கு வந்து பிள்ளைக்கான பணத்தைக் கட்டுவார், நான் போய் எடுப்பேன். வங்கியில் போட்டால் இந்த அலைச்சல் எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். என் முகத்துக்கு நேரே கட்டினால்தான் எனக்குத் திருப்தி. நான் கையெழுத்து வைப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. வந்த வேலை முடிந்ததும் வாசலில் நின்று ஒரு மாதத்துச் சண்டையை மொத்தமாகப் போட்டுவிட்டு அவரவர் பஸ்ஸில் ஏறுவோம். அந்த நாளுக்கென்றே ஒரு நல்ல சேலை வைத்திருந்தேன்.

சாதாரணதரப் பரீட்சையில் மகள் நன்றாகச் செய்தாள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க நுவரெலியாவில் இடம் கிடைத்தது. றொசல்லவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து தினமும் போய்வர முடியாது என்பதால் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் போடிங்கில் சேர்த்தேன். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்தால், வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவர் பணத்தை நிறுத்தினார். பிள்ளைதான் வீட்டில் இல்லையே, பிறகு வீட்டுக்கு எதற்குப் பணம் என்று நீதிமன்றத்திலும் மனுக் கொடுத்தார். அந்தப் பணம் இல்லாவிட்டால் போடிங்குக்குக் கட்ட முடியாது. மகள் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஏதாவது கடைக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான். ஆனாலும், உண்மையைச் சொல்கிறேன், பணத்தை விட, பிள்ளை வீட்டில் இல்லை என்று அவர் ஊரறியச் சொன்னதுதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

ஒரு சட்டத்தரணியிடம் போயிருந்தால் கொஞ்ச நேரத்தில் விளங்கியிருக்கும். நான் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் போனேன். பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள் என்று காட்டிவிட்டால் கேஸ் முடிந்தது என்று அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கப்போவதாக என் கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வாரம் மகளைப் பார்க்க நுவரெலியாவுக்குப் போவதைக்கூட நான் விட்டுவிட்டேன். லயமே ஒத்திகையில் இறங்கியது. வாசலில் மகளின் பழைய செருப்பு. கட்டிலில் விரித்தபடி ஒரு உயிரியல் புத்தகம். முன்கொடியில், தோய்த்துப் பிழிந்த பள்ளி யூனிபோம். பிள்ளை எங்கே என்று கேட்டால், இப்போதுதான் கிளாசுக்குப் போனாள் என்று சொல்ல எல்லோரையும் பழக்கி வைத்தோம்.

அவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். செருப்பையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. நேராகக் கொடிக்குப் போனார்.

"இந்த மழையில எந்தத் தாய் வெள்ளச் சட்டைய வெளியில காயப்போடுவா?"

எங்கள் பக்கத்தில் மழைக்காலம் பிடித்தால் துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில்தான். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் புகை வாசத்தோடுதான் பள்ளிக்கூடம் போவார்கள். அவரும் அப்படிப் போனவர்தான். யூனிபோமை எடுத்து மோந்து பார்த்தார். சவர்க்கார வாசம் கமகமவென்று வந்தது. பிறகு அதைத் தன் நெஞ்சில் வைத்து அளந்து, ஒன்பதாம் வகுப்புச் சட்டை இது, பிள்ளை சுருங்கிவிட்டாளா என்று கேட்டார். யாரும் எதுவும் கேட்காமலேயே அக்கா வெளியே வந்து, "புள்ள இப்பதான் கிளாசுக்குப் போனா" என்றார். அடுத்த காம்பராவிலிருந்து இன்னொருத்தி அதையே சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கு நாளன்று கொடி, சட்டை, அக்கா எல்லாவற்றையும் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். நீதிமன்றமே சிரித்தது. நீதவான் மட்டும் சிரிக்காமல், அன்றைக்கு வரச் சொல்லியிருந்த மகளைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து, வீட்டில்தான் இருக்கிறாள் ஐயா என்றேன். உட்காரச் சொன்னார்கள்.

"நான் இப்ப போடிங்லதான் இருக்கேன், ஐயா," என்றாள் மகள். "ஞாயித்துக்கெழம காலையில அம்மா என்னைப் பாக்க வருவாங்க. சாயந்தரம் அப்பா வருவாரு. ரெண்டு பேரும் சோறு கொண்டு வருவாங்க. ஒருத்தர் வர்றது மத்தவங்களுக்குத் தெரியாது. ரூம்ல இருக்கிற எல்லாருமே சாப்பிடுவோம்."

நானும் அவரும் ஒரே நேரத்தில் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு ஏன் பணத்தை நிறுத்தினாய் என்று நீதவான் அவரைக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ கையில குடுத்தா, பிள்ளைக்கு நான் குடுத்த மாதிரியே இல்லீங்க ஐயா."

நீதவான் சொன்னது சுருக்கம். பணம் பிள்ளைக்கு உரியது, வீட்டுக்கு அல்ல. படிப்பதற்காக வெளியில் இருப்பதால் அது நின்றுவிடாது. இனி மகளின் கணக்கிலேயே போட்டுவிட வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் மாதாமாதம் இங்கே வந்து வாசலில் சத்தம் போடத் தேவையில்லை என்றும் சொன்னார். எங்கள் வாசல் சண்டைகூட நீதவான் காதுவரைக்கும் போயிருக்கிறது.

கேஸ் எனக்குச் சாதகம்தான். ஆனால் "அம்மா என்னைப் பாக்க வருவாங்க" என்று மகள் சொன்னது நெஞ்சிலேயே நின்றது. நான் அவளுக்கு விருந்தாளி ஆகிவிட்டேன். அதை அவள் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

வாசலில் அவள் எங்கள் இருவரிடமும் சொல்லிக்கொண்டு, பின்னேரம் கிளாஸ் இருக்கிறது என்று நுவரெலியா பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் வழக்கமான இடத்தில் நின்றோம். அடுத்த மாதம் இங்கே வரவேண்டியதில்லை, இந்த மனிதரைப் பார்க்க இனி எனக்கு ஒரு காரணமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கவலையாக இருந்தது. அதை நினைத்துக் கோபமும் வந்தது.

"புள்ள நல்லாப் பேசுறா," என்றார் அவர்.

"ஒங்க வாய்தான்."

அவர் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். எதிர்க்கடையைக் காட்டி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போகிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்குச் சீனி கொறைச்சுப் போடச் சொல்லுங்க," என்றேன்.