இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்டவர்

போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. துடியலூரிலிருந்து சாந்தாமணி அம்மையாரின் தம்பி. "பாய், அக்கா போயிருச்சுங்க. காலைல பத்து மணிக்குங்க" என்றார். ஒன்பது நாளாகக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தார், தேறிவிட்டார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதனால், "எங்கீங்க போச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னா லில்லாஹி என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தவன், சாயங்காலம் அஸர் பாங்கு கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இந்தத் தாளைப் படிக்கிறவர்களில் பலர் அவரைப் பார்த்ததே இல்லை. மாதம் ஒருமுறை தபாலில் வருகிற ஒற்றை ஜெராக்ஸ் தாள், மேலே 'இரைச்சல்' என்று கையெழுத்தில் ஒரு தலைப்பு, கடைசியில் 'சா.ம.' என்று ஒரு கையொப்பம். உங்களுக்கு அவர் அவ்வளவுதான். பங்க் ராக் என்று கிதாரைப் போட்டு அடித்துக் கத்துகிற வெளிநாட்டுப் பாட்டுக்கு, கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு தமிழில் விமர்சனம் எழுதுகிறவர் யாரோ கிருதா வைத்த காலேஜ் பையன் என்று நினைத்திருப்பீர்கள். வருகிற கடிதங்களில் பாதி 'அன்புள்ள சா.ம. சார்' என்றுதான் தொடங்கும். அவர் அதைத் திருத்தியதே இல்லை. "சாரா இருந்தா என்னங்க, அம்மணியா இருந்தா என்னங்க, கேசட்டுக்குத் தெரியவா போவுது?" என்பார்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. காட்டன் சேலை, ஒற்றைப் பின்னல், தோளில் ஜோல்னாப் பை. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். மீட்டர் பின்னால் வந்து அதையே சொல்லும். பெயர்தான் சாந்தாமணி. சாந்தத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

நான் டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கிறேன். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவேன். எல்லாம் சினிமாப் பாட்டு. ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் மதியம் அவர் வந்து மேசைமேல் ஒரு கேசட்டை வைத்தார். கம்பெனியில் மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் கெஸ்ட் ஹவுஸில் விட்டுப்போனதாம். போட்டேன். பக்கத்து ஜவுளிக் கடைக்காரர் என்னமோ விழுந்து உடைந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், இந்த மாதிரி இன்னும் கெடைக்குங்களா?" என்றார் அவர்.

"இது என்ன பாட்டுங்க அம்மணி? ஒரு வார்த்தை புரியலீங்களே."

"எனக்கும் புரியலீங்க. ஆனா கோவம் நல்லாப் புரியுதுங்க."

அந்த ஒரு பதிலுக்காகவே பம்பாயில் இருந்த என் மச்சானுக்கு அன்றைக்கே எழுதிப்போட்டேன். மாதம் இரண்டு, மூன்று புது ஆல்பம் வர ஆரம்பித்தது. பார்சல் வந்தது என்று தெரிந்தால் போதும், ஷிப்ட் முடிந்ததும் துடியலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றபடிதான் கேட்பார். நல்ல பாட்டு என்றால் கை தானாக மேசையைத் தட்டும், என் டீ கிளாஸ் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வரும். மோசமான பாட்டு என்றால் கேசட்டைப் பார்த்து, "ஏனப்பா, உனக்கே இது நல்லாருக்குதா?" என்று கேட்பார். திரும்பிப் போகிற பஸ்ஸில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை. மூன்று முறை கேட்காமல் ஒரு வரி எழுத மாட்டார்.

எழுதினால் எப்படி எழுதுவார்! "இரண்டாவது பாட்டில் டிரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை, அவருக்கு நன்றி." இன்னொன்று: "வார்த்தைகளில் எனக்குப் புரிந்தது 'வேண்டாம்' என்பது மட்டும். பதினான்கு முறை வருகிறது. ஒருமுறைகூட அதிகம் என்று தோன்றவில்லை." சென்னிமலையில் சித்தி வீட்டுக்குப் போய் வந்த மாதம், "ஐந்து தறி ஒன்றாக ஓடுகிற வீட்டில் யாரும் மெதுவாகப் பேச முடியாது, இந்தக் குழுவுக்கு அது தெரிந்திருக்கிறது" என்று எழுதினார். மதிப்பெண்ணுக்கு நட்சத்திரம் போட மாட்டார், ஹார்ஸ் பவர்தான். தேறாத ஆல்பத்துக்கு அரை ஹெச்.பி. நல்லதற்கு ஐந்து. அதற்கு மேல் அவர் போய் நான் பார்த்ததில்லை, ஒரே ஒருமுறை தவிர. அந்த ஒருமுறையைப் பற்றித்தான் நான் இங்கே முழுவதும் சொல்லியாக வேண்டும்.

மஞ்சள் அட்டையில், கால் உடைந்த நாற்காலிப் படம் போட்ட கேசட் அது. மச்சான் பம்பாயில் இருந்தே பதிவு செய்து அனுப்பியது, அட்டையின் முன்பக்க நகல் மட்டும்தான் வந்தது. அம்மையார் வழக்கம்போல் வந்து நின்றார். கையில் இருந்த அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கம் ஏற்கெனவே வேறு ஆல்பம் ஏறியிருந்தது. மிச்சம் ஒரு பக்கம், முப்பது நிமிடம். இந்த ஆல்பமோ முப்பத்தைந்து. கடைசிப் பாட்டை வெட்டினால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார், முன்பு ஒருமுறை பட்டிருக்கிறேன். பெரிய கேசட் அன்றைக்கு ஸ்டாக் இல்லை. பாட்டு ஓடுகிற டெக்கின் மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை உண்டு, உள்ளே ஒரு ஸ்குரூ, திருகினால் டேப் வேகமாக ஓடும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஆகும். அவர் பார்க்காதபோது திருகினேன். முப்பத்தைந்து நிமிடம் முப்பதில் அடங்கிவிட்டது.

ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று கழற்றினார். "பாய், மிஷின் சரியாத்தான் ஓடுதுங்களா? டிரம்ஸுல சிம்பல் ஒல்லியாக் கேக்குதுங்களே."

"போன வாரந்தான் சர்வீஸ் பண்ணுனதுங்க அம்மணி. கல்லு மாதிரி ஓடுது" என்றேன்.

நம்பினார். நம்பி எழுதினார். "இது ஓடவில்லை, பறக்கிறது. இவ்வளவு வேகத்தை நான் கேட்டதில்லை. பாடுகிறவர் பதினாறு வயதுப் பையனாக இருக்க வேண்டும், குரல் இன்னும் உடையவில்லை. ஏழரை ஹெச்.பி." முதல் ஏழரை! தாளைப் படித்தவர்களிடமிருந்து கடைக்கு ஆர்டர் குவிந்தது. நானும் வெட்கமில்லாமல் அதே வேகத்தில் அத்தனை பேருக்கும் பதிந்து அனுப்பினேன்.

அடுத்த மாதம் அந்தியூரிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். மாட்டு டாக்டர், இரைச்சலை முதல் தாளிலிருந்து படிக்கிறவர். வெளிநாட்டிலிருந்து அவருடைய தம்பி அசல் கேசட்டே அனுப்பியிருக்கிறாராம். "உள் அட்டையில் பாடகரின் போட்டோ இருக்கிறது. வழுக்கைத் தலை, நாற்பது வயது மதிக்கலாம். குரல் கட்டைக் குரல். வேகமும் சாதாரண வேகம்தான். நீங்கள் எதைக் கேட்டு எழுதினீர்கள், சா.ம. சார்?"

அம்மையார் அந்தக் கடிதத்தைக் கடையில் நின்று இரண்டு முறை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். "என்ற காதுக்கு என்னமோ ஆயிருச்சுங்க பாய்" என்றார். நான் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். நான்கு நாள் கழித்து வந்தவர் ஹெட்போன் பக்கமே போகவில்லை. "நேத்து கம்பெனில ஒரு மோட்டாரப் பாஸ் போடறதுக்கு மூணு பேரக் கூப்புட்டுக் கேட்டனுங்க. பேரிங் சத்தமா இல்லியான்னு எனக்கே சந்தேகமாப் போச்சுங்க. காத நம்ப முடியலீன்னா அப்பறம் என்னத்த எழுதறது? அடுத்த மாசத்துல இருந்து இரைச்சல் வேண்டாங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு துடியலூர் பஸ் ஏறினேன். கம்பெனி கேட்டில் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் தூக்குப் போசியோடு வெளியே வந்தார்.

"ஏனுங்க பாய், இத்தன தூரம்?"

"அம்மணி, உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலீங்க. பாட்டு வெட்டக் கூடாதுன்னு மிஷின நாந்தான் முடுக்கி உட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொல்லிப்போட்டேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது வேறு. "அப்பொ அன்னிக்கு சிம்பல் ஒல்லியாக் கேட்டது?"

"நெசமாவே ஒல்லியாத்தாங்க கேட்டுது."

பாருங்கள், அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "வாட்ச்மேன் அண்ணா! என்ற காது சரிங்க!" என்று ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். வாட்ச்மேனுக்கு என்ன புரிந்ததோ, "சந்தோசமுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு விழுந்தது. "அஞ்சு நாளா என்னையவே நான் நம்பாமப் பண்ணிப்போட்டீங்களே பாய்! முடுக்கினது கூடப் பரவாயில்லீங்க. கேட்டப்ப சொல்லியிருக்கோணுமுங்க." திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இத எழுதோணுங்க" என்றார்.

"எழுதுனா என்ற கடை போயிருமுங்க அம்மணி. பாட்ட முடுக்கிக் குடுக்கறவன்கிட்ட எவன் வருவான்?"

"எழுதாட்டி இரைச்சலு போயிருமுங்க. எது வேணும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாத்துக்குங்க." கம்பெனிச் சங்கு ஊதியது, உள்ளே போய்விட்டார்.

நான் எழுதினேன். வாழ்க்கையில் கடன் சீட்டும் பாட்டு லிஸ்ட்டும் தவிர எதுவும் எழுதாதவன், என் பெயர் போட்டு, கடை விலாசம் போட்டு எழுதினேன். 'தவறு நேர்ந்துவிட்டது' என்று இருந்ததை மட்டும் அவர் அடித்துவிட்டு, 'தவறு செய்தேன்' என்று மாற்றினார். வேறொரு எழுத்தையும் தொடவில்லை. அதற்குக் கீழே அசல் வேகத்தில் கேட்டு எழுதிய புது விமர்சனம்: "நல்ல ஆல்பம். ஆனால் வழுக்கைத் தலைக்குப் பறக்கத் தெரியவில்லை. ஐந்து ஹெச்.பி."

கடை போகவில்லை. சிலர் சண்டை போட்டார்கள், எல்லோருக்கும் திருப்பிப் பதிந்து கொடுத்தேன். சிலர் வேகமான கேசட்டைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். மாட்டு டாக்டரே கார்டு போட்டார்: "அந்தத் தப்பான கேசட் எனக்கு ஒன்று கிடைக்குமா?" அதை அம்மையார் படித்துக் காட்டிச் சிரித்த சிரிப்பில் என் டீ கிளாஸ் உண்மையிலேயே கீழே விழுந்து உடைந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருடம். எத்தனை ஆல்பம், எத்தனை சண்டை! இன்னும் முப்பது வருடம் இப்படியே போகும் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை காலையில் துடியலூர் மயானத்தில் கம்பெனிக்காரர்களோடு நின்றேன். அந்தியூரிலிருந்து டாக்டர் வந்திருந்தார். சா.ம. சாரை அவர் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை பம்பாயிலிருந்து பார்சல் வந்தது. அம்மையாருக்கு மிகவும் பிடித்த குழுவின் புது ஆல்பம், எப்போது வரும் என்று ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டாராம். மூன்று முறை கேட்டேன். இதைப் புகழ்ந்து எழுத வேண்டும், அவருக்குச் செய்கிற கடைசி மரியாதையாக இருக்கட்டும் என்று பேனாவை எடுத்து, நாலு வரி புகழ்ந்தும் எழுதிவிட்டேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டேன்.

அம்மணி, முதல் பக்கம் அபாரம், நீங்கள் இருந்திருந்தால் மேசை தாங்கியிருக்காது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டுக்கு மேல் சரக்கு இல்லை. நீங்கள் இல்லை என்பதற்காக ஒரு சொல்கூட நான் கூட்டிப் போடவில்லை. போயிட்டு வாங்க அம்மணி.