பீரோவுக்குள் முளைப்பாரி

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், என்னிடம்தான். எந்த மாதத்துக்கு எந்தத் திருநாளோ அதை வகுப்புக்குள் கொண்டுவந்துவிடுவது என் வழக்கம். கார்த்திகையில் களிமண் விளக்கு. டிசம்பரில் மூங்கில் குச்சியும் பட்டக் காகிதமும் வைத்து நட்சத்திரம். மார்கழி கடைசி நாளில் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கொத்து. பங்குனியில் முளைப்பாரி.

போன பங்குனியில் ஊர் அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் சாட்டி அறிவித்த மறுநாள், ஒரு புதன்கிழமை, ஆளுக்கொரு சிரட்டையில் கரம்பை மண்ணும் சாணத்தூளும் போட்டுப் பயறு விதைத்தோம். அறிவியல் பாடமும் அதிலேயே. பாதிச் சிரட்டைகள் சன்னலில், பாதி பீரோவுக்குள். வெளிச்சம் பட்டது பச்சையாகும், படாதது வெளுத்து நீளும். ஏன் என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் சிரட்டையைச் சன்னலில் வைக்க விடவில்லை.

"இருட்டுக்குள்ள வைங்க டீச்சர். பாரின்னா வெள்ளையாத்தான் வளரணும். இது எங்க அப்பாவுக்குப் போட்டது."

அவள் அப்பா திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிப்பவர். அதற்கு முந்தைய சனிக்கிழமை பந்தலடியில் மயங்கி விழுந்தவரைத் தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மா அங்கேயே இருந்தார். இவள் அத்தை வீட்டில். பாரி செழித்தால் போட்ட வீடும் செழிக்கும் என்பது இங்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்த பேச்சு. அழுகினால் என்னவென்று யாரும் சொல்வதில்லை. அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

மணி அடிக்கும்போதெல்லாம் பீரோவைத் திறந்து தன் பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். தெளித்தால் போதும் என்றேன்.

"தாகமா இருக்கும்ல டீச்சர். அப்பா தண்ணி தண்ணின்னுதான் கேக்குறாகளாம். டாக்டரு குடுக்கவே கூடாதுன்ட்டாகளாம். அத்த சொன்னாக."

பாட்டிலை வாங்கி என் மேசையில் வைத்தேன். குழாயடியிலிருந்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து ஊற்றினாள்.

திங்கட்கிழமை மற்ற சிரட்டைகளில் முளை விரலளவு எழுந்திருந்தது. அவளுடையதில் சேறுதான். பயறு ஊதி வெடித்து நாற்றமெடுத்தது.

"ஏய், உன் பாரி நாறுதுடி. கழனித்தண்ணி ஊத்துனியா?" என்றான் பின்வரிசைப் பையன்.

"அவன் கெடக்கான் விடுடி," என்றாள் அவள் பக்கத்தில் உட்காரும் கிறிஸ்தவ வீட்டுப் பெண். "கிறிஸ்மஸ் குடிலுக்கு எங்கம்மா கேப்ப மொளைக்கப் போடும். அழுகிருச்சுன்னா கடையில பச்சப் பேப்பர் வாங்கி ஒட்டிரும். மாதா ஒன்னும் சொன்னதில்ல."

வகுப்பே சிரித்தது. இவள் சிரிக்கவில்லை. கைவேலைக்கு வைத்திருந்த வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கினாள்.

"புது மண்ணு போட்டு மறுபடி வெதைப்போமா?" என்றேன்.

"அப்ப அது அப்பாவோட பாரி இல்லைல்ல டீச்சர்."

மதியம் முழுக்கத் தாளை ஈர்க்குபோல் நறுக்கினாள். ஒவ்வொன்றின் நுனியையும் கத்தரிக்கோலால் இழுத்து, பயறு முளை தலைகுனிவதுபோல் வளைத்தாள். அந்த ஆண்டு என் வகுப்பில் யாரும் அவ்வளவு சுத்தமாகக் கைவேலை செய்ததில்லை. ஒவ்வொன்றாகச் சேற்றில் ஊன்றி, பீரோவைச் சாத்தினாள்.

மறுநாள் சத்துணவு நேரத்தில் அத்தை வாசலில் வந்து நின்றார். "பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர்," என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "அண்ணன் போயிட்டாக."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து பையை எடுத்தாள். போகுமுன் பீரோவைத் திறந்து பார்த்தாள். தாள் முளைகள் ஈரத்தில் ஊறிச் சேற்றோடு படுத்துக் கிடந்தன. சத்தமில்லாமல் சாத்திவிட்டு அத்தையோடு போனாள்.

மற்றப் பிள்ளைகள் குலவை போட்டுக்கொண்டு தங்கள் பாரிகளை வாய்க்காலில் கரைத்தார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டுப் பாரி அதில் சேராது. அவளுடையதைப் பள்ளி முருங்கையடியில் நானே கொட்டினேன்.

இந்த ஆண்டு பொங்கல் சாட்டிய செவ்வாய் சற்றுத் தள்ளி வந்தது. அவள் அப்பாவின் முதலாண்டுத் திதி அதற்குள் முடிந்திருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அறை அதேதான், பீரோவும் அதேதான். அவளுக்குச் சிரட்டை கொடுக்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன். கொடுங்கள் என்றார். அவள் அம்மா இப்போது அதே திராட்சைத் தோட்டத்துக்குத்தான் போகிறார், மருந்தடித்த பந்தலுக்கடியில் நின்று கொத்தில் பிஞ்சு கழிக்க.

"யாருக்குப் போடுற?" என்றேன்.

"அம்மாவுக்கு."

நன்றாகத்தான் விதைத்தாள். திங்கட்கிழமை பீரோவைத் திறந்தபோது மற்றவையெல்லாம் வெளுத்து நீண்டிருந்தன. அவள் சிரட்டையில் மண் வெடித்துக் கிடந்தது. விரலால் கிளறினேன். போட்ட பயறு போட்டபடியே இருந்தது.

"தண்ணி தெளிக்கலையாம்மா?"

"இல்ல டீச்சர். இந்தத் தடவ ஒரு சொட்டுக்கூடக் குடுக்கல. டாக்டரு அப்பவே குடுக்கக் கூடாதுன்னுதான சொன்னாக."