மாமியார் மருமகள் கல்

மீன் கூடையை பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று முத்தாலம்மாளிடம் சொன்ன கண்டக்டர்கள் உண்டு. இரண்டாம் முறை சொன்னவர் யாரும் இல்லை. கோவளத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் விடியுமுன் ஏலம் எடுத்து, பஸ் மாறி பஸ் ஏறி, தாம்பரத்துக்குக் கிழக்கே அகரம்தென் தாண்டி முளைத்திருந்த புதுமனைகளில் தெருத்தெருவாக விற்பது அவள் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிடப் பெரிசு, ஆனால் அதைக் காட்டிக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

மனைகளுக்குப் பின்னால் ஒரு குன்று உண்டு. ஒரு பக்கத்தைக் குவாரிக்காரர்கள் தின்றுவிட்டுப் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளமாக விட்டிருந்தார்கள். மிச்சமிருந்த பக்கத்தின் உச்சியில் ஒற்றைப் பாறை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். காலை வெயிலுக்குப் பயந்து அந்தக் குன்றின் நிழலில்தான் அவள் கூடையை இறக்கி வெற்றிலை போடுவாள். அண்ணாந்து பார்த்தது கிடையாது. மீன் விற்கிறவளுக்கு மலையில் என்ன வேலை?

அவள் புருஷன் கங்காதரனுக்கும் ஒரு மலை இருந்தது. கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் மேற்கே தெரியும் மலை. அதன் தலையில் இரண்டு கல், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. குப்பத்து ஆண்கள் அவற்றுக்கு மாமியார் மருமகள் என்று பெயர் வைத்திருந்தார்கள். படகு நகர்ந்தால் கல் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். சரியான இடத்துக்கு வந்தால் மட்டும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். அதோடு வடக்கே ஒரு கோபுரமும் சவுக்குத் தோப்பின் முனையும் நேராக நின்றால், காலடியில் பார் இருக்கிறது என்று அர்த்தம். பார் என்பது கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. சங்கராவும் கொடுவாவும் குடியிருக்கிற இடம்.

“மாமியாளும் மருமவளும் சண்ட போட்டுகினு தள்ளி நின்னாதான் நமக்கு மீனு,” என்பான் கங்காதரன். “ராசியாயிட்டாங்கன்னா வெறுங்கைதான்.”

அந்தக் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறும் வழக்கமில்லை. அதனால் அவள் அந்தக் கற்களைக் கண்டதில்லை. தாம்பரம் பக்கம் அவனுக்குச் சோலி இல்லை. அதனால் அவன் இந்தக் குன்றைக் கண்டதில்லை. கல்யாணம் ஆன நாளாக இப்படியே ஓடியது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மனைகளில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அவன் பார் மேல் நின்றிருந்தான். படகு ஒருமுறை மெல்ல உயர்ந்து இறங்கியது, அவ்வளவுதான். அவன் தூண்டிலைக்கூடக் கையைவிட்டுப் போடவில்லை. கரைக்கு வந்தால் வீடு இருந்த இடத்தில் மணல். பக்கத்து வீட்டில் ஆளே இல்லை.

“அந்த அல என் காலுக்குக் கீயதான் போயிக்கீது. எனக்குத் தெர்லயே,” என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டான்.

அவன் அதுவரை போனது இரவல் படகில்; மீனவர் சங்கத்தில் அவனுக்கென்று புதுப் படகு கொடுத்தார்கள். கவிழ்த்தது கவிழ்த்தபடியே அது மணலில் கிடந்தது. ஒரு மழைக்காலமும் வந்து போனது. கங்காதரன் கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான். முத்தாலம்மாள் அடுத்தவர்கள் பிடித்த மீனை விற்று அடுப்பெரித்தாள். சோற்றுக்கு அவள் பயப்படவில்லை. இந்த ஆள் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடுவானோ என்றுதான் பயந்தாள்.

அந்தச் சமயம் குன்றடியில் கட்டிய ஒரு புது அடுக்குமாடிக்கு வாட்ச்மேன் வேண்டும் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். கங்காதரன் சரி என்றான். படகைச் சங்கத்திடமே திருப்பிவிடுகிறேன் என்றும் சொன்னான். திருப்பினால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அதோடு அவனுடைய கடல் முடிந்தது.

அந்த வாரம் கடைசித் தெருவில் டெபோரா டீச்சருக்குச் சங்கரா செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது, டீச்சர் பேச்சுவாக்கில் குன்றைப் பற்றிச் சொன்னார். ஈஸ்டர் அன்று விடியுமுன் சபைக்காரர்கள் எல்லோரும் மேலே ஏறி ஜெபம் பண்ணுவார்களாம்.

“மேல போனா கடலே தெரியும் முத்தாலம்மா. அந்த ரெண்டு கல்லுக்கு நடுவுலதான் சூரியன் வர்றதப் பாப்போம்.”

“ரெண்டா? ஒண்ணுதானே கீது டீச்சரம்மா?”

“இங்கேருந்து பாத்தா ஒண்ணு. மேல சுத்திப் போனா ரெண்டு. நடுவுல ஒரு ஆள் நுழையலாம்.”

முத்தாலம்மாளின் கத்தி பாதி மீனில் நின்றது. முதல் தடவையாக அவள் அந்தக் குன்றை அண்ணாந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை இடத்தைக் காட்டுவதற்காக அவனைக் கூட்டி வந்தாள். மேனேஜர் கேட்டையும் நாற்காலியையும் விசிலையும் காட்டினார். கங்காதரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வெளியே வந்ததும் அவள் குன்றைக் காட்டினாள்.

“வாய்யா, மேல ஏறிட்டுப் போலாம்.”

“இன்னாம்மே, மண்ட கொயம்பிப் போச்சா? நேத்துதான் முட்டி வலின்னு அழுத.”

“அது நேத்து.”

அவளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல்தான் அவன் பின்னால் வந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் ஏறினார்கள். முள்ளும் காய்ந்த புல்லும் வழி நெடுக. அப்புறம் வெறும் பாறை, பகல் முழுக்கக் குடித்த வெயில் இன்னும் அதன் உடம்பில் இருந்தது. ஒரு குழியில் மழைத் தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. ஏற ஏற அந்த உச்சிக் கல் பெரிதாகிக்கொண்டே போனது. கீழிருந்து மூட்டையாய்த் தெரிந்தது, இப்போது வீடு; இன்னும் போனால் கோயில். அடியில் பார்த்தாள். அத்தனை பெரிய உடம்பும் ஒரு முறம் அளவு இடத்தில்தான் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதை யார் இங்கே வைத்தார்கள், எது பிடித்து நிறுத்துகிறது?

“ஒத்தக் கல்லு,” என்றான் அவன் மூச்சிரைக்க. “இத்தக் காட்டவா இட்டாந்த?”

இவன் சொல்வதுதான் சரியோ என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் விடாமல் வடக்கே சுற்றி நடந்தாள். அவன் கூடவே வந்தான். அப்போதுதான் கல் பிரிந்தது. பெரியதன் தோளுக்குப் பின்னாலிருந்து சின்னது மெல்ல விலகி வந்தது. நடுவில் ஒரு கீற்று வானம் விழுந்தது.

கங்காதரன் அப்படியே நின்றான். செருப்பு கையிலிருந்து நழுவியது தெரியவில்லை.

“மாமியா,” என்றான் வாய்க்குள். கிட்டே போய் இரண்டு உள்ளங்கையையும் கல்லில் வைத்தான். “இம்மாம் பெர்சா நீ? அங்கேருந்து கட்டவிரல் மாரிதானே இருப்ப!” அவன் கண் கலங்கியிருந்தது. இந்தக் கல்லைப் பார்த்துத்தான் எத்தனை பனியிலும் மழையிலும் வீடு வந்து சேர்ந்திருக்கிறான்! அந்தக் கல்லின் நிழலில்தான் இவள் வெற்றிலை மென்றுகொண்டிருந்திருக்கிறாள்!

கல்லைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, ஒரு கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தான். இடுக்குக்குள் பார்த்தாள். மனைகள், ஏரிகள், பனைகள், எல்லாவற்றுக்கும் அப்பால் கடல். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த கடல் இல்லை இது. சத்தமே இல்லை. அலை இல்லை. வானத்தின் பாதி வரை எழுந்து நீலமாய் நின்றது. அந்த நீலத்தில் ஒரு துண்டு மட்டும் இரண்டு கல்லுக்கும் நடுவில் வெட்டி வைத்தாற்போல இருந்தது.

“அதான் நம்ம பாரு,” என்றான். “மாமியா இத்தினி வருசமா அத்தத்தான் பாத்துகினு கீறா.”

அந்தத் துண்டுக்குள் சாயங்கால வெயிலில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. சட்டென்று எழுந்துவிட்டான்.

“எவன்டா அது? பாய் கட்டினு நம்ம பாரு மேல நிக்கறான்! அதுவும் வடக்கால தள்ளி நிக்கறான், மடையன்! அங்க இன்னா கெடைக்கும் அவனுக்கு?”

ஒரு வருஷத்துக்குப் பின் அவன் போட்ட முதல் சத்தம் அது. எதிர்ப் பாறையில் இருந்த மயில் பயந்து பறந்தது. முத்தாலம்மாள் சிரிக்க வாயெடுத்தாள், முடியவில்லை. அவன் விரல் காட்டிய இடத்தில் அவளுக்கும் இப்போது அந்தப் புள்ளி தெரிந்துவிட்டது. ஒரு கடுகு. அத்தனை பெரிய நீலத்தில் ஒரு கடுகு. இத்தனை வருஷமாய் அங்கேதான் இவன் போய்க்கொண்டிருந்தானா? அவ்வளவு தூரமா? அவ்வளவு சிறிசாகவா? சோறாக்கி வைத்து, திட்டி, அனுப்பினாளே, இது தெரியாமலே அனுப்பினாளே! அவனை மறுபடியும் அங்கே தள்ளத்தான் இந்த முட்டியோடு ஏறி வந்திருக்கிறாள். பயம் அவனை விட்டு இறங்கி அவள் மேல் ஏறிக்கொண்டது.

இறங்கும்போது அவன் முன்னால் நடந்தான். பாதியில் நின்று திரும்பினான்.

“போவட்டுமா?”

வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். கீழே நாற்காலியும் விசிலும் காத்திருந்தன. அவன் முகத்தைப் பார்த்தாள்.

“போய்யா. அவன் மீனெல்லாம் வாரிக்கினு போயிடப் போறான்.”

மேனேஜருக்கு வேறு ஆள் கிடைத்தான். படகு நிமிர்ந்தது. அதற்கப்புறம் மனைகளில் மீன் தாமதமாக வர ஆரம்பித்தது. காத்துக் காத்துச் சலித்த டெபோரா டீச்சர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

“என்ன முத்தாலம்மா, தினமும் இவ்ளோ லேட்டு? பஸ் கிடைக்கலியா?”

முத்தாலம்மாள் கூடையை இறக்கினாள். முட்டி வரை பாறைத் தூசி. புடவை ஓரத்தில் முள்.

“பஸ்ஸு எப்பவோ வந்துட்ச்சு டீச்சரம்மா. வூட்டுக்காரு வேலைக்கு வந்துட்டாரான்னு மேல போய் ஒரு எட்டு பாத்துட்டு வரேன்.”