பேய்க்கு வைத்த பூ

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. கோல சிலாங்கூர் டவுனில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த மாதம் முழுக்கக் கேமரா சும்மா கிடந்தது. சும்மா கிடந்தால் பூசணம் பிடிக்கும் என்று யாரோ சொல்லி, அவர் எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு வந்து பேய்ப்படம் எடுக்கப்போவதாக அறிவித்தார். புதுக் கதைகூட இல்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது திடலில் திரை கட்டிக் காட்டிய ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை மறுபடி எடுப்பதாகத் திட்டம். அதன் பின்பாதியை எங்களில் யாருமே பார்த்ததில்லை. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதில் எல்லாரும் லயத்து வீடுகளுக்கு ஓடிவிட்டோம். முன்பாதியும் ஆளுக்கொரு மாதிரி நினைவிருந்தது. இதை வைத்துக்கொண்டு ரீமேக் என்றார் மனிதர்.

வேஷங்களுக்கு அடிதடி. தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோரின் மகள் கதாநாயகி. அவள் நடிப்பாளா என்று யாரும் கேட்கவில்லை, மண்டோரைப் பகைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. கோயில் பூசாரி பேயோட்டும் மந்திரவாதி. தனக்கு மூன்று பக்க வசனத்தைத் தானே எழுதிக்கொண்டு, பூசை நேரத்தில்கூட அதைத்தான் முணுமுணுத்தார். பேய்க்கு மட்டும் ஆளில்லை. கல்யாணமாகாத பெண்களைக் கேட்டால், பேயாக நடித்தவளை யார் பெண் கேட்டு வருவார்கள் என்றார்கள். கல்யாணமானவர்களோ, புருஷன் உயிரோடு இருக்கும்போது வெள்ளைச் சேலை கட்டுவதா என்று காறித் துப்பாத குறை. ஓடியாடக்கூடிய வயதில் வெள்ளைச் சேலை கட்டியவள் அங்கே ஒருத்திதான். என் அம்மா.

லோரி கவிழ்ந்து அப்பா போனபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. படம் எடுத்த வருஷம் நான் ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீடியோக்காரர் வீட்டுக்கே வந்து நின்றார்.

"மேக்கப்பே வேணாங்க்கா. இப்படியே வாங்க, முடிய மட்டும் அவுத்து விட்டாப் போதும்."

அந்த ஆளை விளக்குமாற்றால் விளாசலாம் போல எனக்கு வந்தது. அம்மா கோபப்படவில்லை.

"சாவுறதுக்கு முன்னாடி அவ எப்படி இருப்பா, தம்பி?"

"பிளாஷ்பேக் இருக்குக்கா. பட்டுச் சேல, பொட்டு, தல நெறயப் பூ. கெணத்தடியிலேர்ந்து சிரிச்சுக்கிட்டே நடந்து வரணும்."

"அப்ப நடிக்கிறேன்" என்றாள் அம்மா. அந்த ஒரு காட்சிக்காகத்தான் ஒத்துக்கொண்டாள் என்று எனக்கு உடனே புரிந்தது. அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பிடிப்பு. இரவில் எடுக்க ஒருத்தரும் வரமாட்டேன் என்றுவிட்டார்கள், பேய் நடமாடும் நேரமாம். ஆகவே பேய்ப்படம் பட்டப்பகலில் நடந்தது. கேமராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடித் தாளைப் பிடித்தால் இரவாகிவிடும் என்றார் வீடியோக்காரர். பிடிக்கிற வேலை எனக்கு. நடுநிசியில் கோழிகள் மேய்ந்தன, கொடியில் துணி காய்ந்தது. பேய் தலைவிரிகோலமாகச் செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து வரும்போது ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு குறுக்கே வந்தார். அம்மா அவரை நிறுத்தி ஒரு ரொட்டி வாங்கினாள். அவர் சில்லறை கொடுத்துவிட்டு, "என்னாங்கம்மா, தலைக்கு ஊத்துனீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தினமும் பார்க்கிற அம்மாவுக்கும் பேய்க்கும் அவர் கண்ணுக்கு முடி மட்டுமே வித்தியாசம்.

பிளாஷ்பேக் எடுக்க வேண்டிய வாரம் வந்ததும் மண்டோர் சம்சாரம் கோயில் வாசலில் ஆள் கூட்டினார்.

"பேயா எத்தன நாளு வேணும்னாலும் நடிக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா தாலியறுத்தவ தலையில பூ வெச்சா தோட்டத்துக்கு ஆவாது. அந்த சீன எம்மவ நடிக்கட்டும்."

செத்த பிறகு ஒரு முகம், சாவதற்கு முன் வேறொரு முகமா என்று வீடியோக்காரர் தலையைச் சொறிந்தார். மண்டோர் முறைத்ததும், செத்தால் முகம் மாறத்தான் செய்யும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அம்மா ஒரே பேச்சாகச் சொன்னாள். "பூ இல்லன்னா பேயும் இல்ல. வேற ஆளப் பாத்துக்குங்க லா."

அவள் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த ஞாயிறு படப்பிடிப்பு நின்றது. பேயைக் கண்டு ஓடுகிறவர்களை மட்டும் எவ்வளவு நேரம்தான் எடுப்பது? பேய் வராவிட்டால் மந்திரவாதிக்கும் வேலையில்லை என்பது பூசாரிக்கு உறைத்தது. மூன்று பக்க வசனம் வீணாகிவிடும். மறுநாள் அவர் வேப்பிலையும் கையுமாக வந்து தீர்ப்புச் சொன்னார்.

"பூவு யாருக்கு? பேய்க்கு. பேயோட சங்கதியில மனுசங்க தலையிடுறது நல்லதில்ல. ஆனா ஒண்ணு, ஷூட்டிங் முடிஞ்சதுன்னு சொன்ன அடுத்த நிமிசம் பூவையும் பொட்டையும் எடுத்துப்புடணும்."

அப்படியே முடிவாயிற்று. தீபாவளிக்கு நான் எனக்கென்று வாங்கிய பட்டுச்சேலையை அம்மாவுக்கு நானே கட்டிவிட்டேன். டவுனிலிருந்து வந்த மல்லிகையையும் வைத்துவிட்டேன். அவள் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. மண்டோர் சம்சாரம் குழாயடியில் கையைக் கட்டிக்கொண்டு, முடிஞ்சது என்ற சொல்லுக்காகக் காத்து நின்றார்.

அம்மா கிணற்றடியிலிருந்து சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. "நல்லா வந்துச்சா, தம்பி? இன்னொரு தடவ நடக்கவா?" என்றாள். நடந்தாள். கால் தடுக்கியது என்றாள், மறுபடி நடந்தாள். வெயில் மறைந்தது என்றாள், மறுபடியும்.

நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கேமரா ஓடும்போது எரிகிற முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பேட்டரி செத்துவிட்டது. வீடியோக்காரர் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல், "சூப்பர்க்கா, இன்னும் ஒரே ஒரு தடவ" என்றார். எத்தனை நடையாக அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாரோ. இந்த ஆளையா அடிக்க நினைத்தேன் என்றிருந்தது.

அம்மாவைத் தனியே இழுத்து, "அம்மா, கேமரா..." என்றேன்.

"வெளக்கு அணைஞ்சது எனக்குந் தெரியும். நீ வாய மூடிக்கிட்டு நில்லு" என்றாள், சிரிப்புக் கலையாமல்.

பிறகு சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து நடந்து வரக் கிணற்றடிக்குப் போனாள்.