அன்னதான ஆபீசுக்குப் பிரிண்டர் மாட்டிய கதை

பிரிண்டரை ஒயரில் மாட்டும் தொழிலில் பாதி வேலை கைக்கு, மீதி வாய்க்கு.

உங்கள் ஆபீசிலும் 'ஆஃப்லைன்' என்று காட்டியே உயிரை வாங்கும் பிரிண்டர் ஒன்று இருக்கும். ஆகவே நாமெல்லாம் உறவுக்காரர்கள். ரிட்டயர் ஆன கிழவனான என்னை நம்பி யாரும் கம்ப்யூட்டரைத் தொடவிடாத நேரத்தில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் அன்னதான ஆபீஸ் நடத்தும் சரோஜாம்மா தொடவிட்டார். நாலு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர். பௌர்ணமியன்று அது தடங்கலில்லாமல் சாப்பாட்டு டோக்கன் அடித்தால், அந்த ஆபீஸ் வேலை முழுக்க எனக்கு. இல்லையென்றால் வேங்கிக்காலிலிருந்து வேறு ஆள்.

ஜன்னலில் வந்த இன்ஸ்பெக்டர்

பிரிண்டருக்கான நெட்வொர்க் ஒயரை ஜன்னலோரமாக இழுத்து வைத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு குரங்கு அதன் முனையைக் கையில் வைத்திருந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், உள்ளே எட்டுக் கம்பியும் கலர் வரிசைப்படி இருக்கிறதா என்று பார்த்தது. அப்புறம் பிளக்கைக் கடித்தது. வாழைப்பழம் கொடுத்து ஒயரை மீட்டேன். புது பிளக் போட்டு, சுவரோரம் குழாய்க்குள் விட்டு இழுத்தேன். கணக்கு பார்க்கும் ஏழுமலை சொன்னார்: "ஜன்னல் வழியா வேணாம்னு அது நல்லபடியாத்தான் சொல்லிச்சு பெரியவரே."

சந்தனக் காப்பு

மறுநாள் பிளக்கைப் பிரிண்டரில் செருகினால் உள்ளே போக மாட்டேன் என்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் கெட்டியாகச் சந்தனம், மேலே குங்குமம். மிஷின் வந்தன்றைக்கு ஏழுமலை பூஜை போட்டிருக்கிறார். குச்சியால் சுரண்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். எடுத்த சந்தனத்தில் ஒரு கல்யாணத்தையே நடத்தியிருக்கலாம். பிளக் மாட்டியதும் பச்சை விளக்கு சிமிட்டியது. நெற்றியை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஏன் பூசினீர்கள் என்று கேட்டேன். "முன்னாடி பூசினா வழுக்குதுங்க. இங்கதான் நல்லா புடிச்சு நின்னுச்சு."

வீடு மாறும் பிரிண்டர்

பௌர்ணமியன்று காலையில் டோக்கன் ஜோராக வந்தது. மத்தியானம் கரண்ட் போய் வந்ததும் நின்றுவிட்டது. மேஜைமேல் பிரிண்டர் இருக்கிறது, கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் தெரியவில்லை. வாசலில் கிரிவலக் கூட்டம் பசியோடு நிற்கிறது. சரோஜாம்மா வேங்கிக்கால் ஆளுக்குப் போன் போட்டுவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம், எல்லா மிஷினையும் இணைக்கும் ரவுட்டர் பெட்டி பிரிண்டருக்குப் புது வீட்டு நம்பர் கொடுக்கிறது. கம்ப்யூட்டர்கள் பழைய நம்பரில் போய்க் கதவைத் தட்டுகின்றன. பிரிண்டருக்கு மாறாத நம்பர் ஒன்று வைத்து, நாலு கம்ப்யூட்டரிலும் அதையே கொடுத்தேன். பிறகு நானே மெயினை அணைத்துப் போட்டேன். ஏழுமலை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். டோக்கன் சரசரவென்று வந்தது. சரோஜாம்மா போனில் அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதல் டோக்கனைக் கிழித்து என்னிடம் நீட்டினார்: "மொதல்ல போய் சாப்புடுங்க. நாளைக்கு சீக்கிரம் வந்துடுங்க, மத்த மிஷினுங்களையும் பாக்கணும்."

உலகத்துப் பிரிண்டரெல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தால் எனக்குச் சோறு போட ஆளிருந்திருக்காது என்பதால், உங்கள் பிரிண்டர் படுத்திய பாட்டுக்கும் சேர்த்தே என் நன்றி.