படித்துப் பார்க்காத ஒரு வரி

கல்லூரியில் கட்டட வரைகலை படிக்கும் என் மகளுக்குப் பழைய மடிக்கணினி ஒன்றைத் தேடிக் கொடுத்தவர் என் தங்கையின் கணவர். "ஐ செவன் ப்ராசசர் மச்சான், நல்லா ஓடும்" என்றார். மூன்றே மாதத்தில் அது திணற ஆரம்பித்தது. ஒப்படைக்க வேண்டிய வரைபடம் பாதியில் நின்றுபோய் மகள் அழுதாள். செனாய் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவர், "ஐ த்ரீயா இருக்கும்லா, மட்டமானது. ஸ்டிக்கர மாத்தி ஒட்டிருவானுங்க" என்றார். எனக்கு அது போதும்.

ஞாயிறு காலை கணினியைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு, தங்கை வீடு இருக்கும் லாயாங் லாயாங்குக்கு விரட்டினேன். அவர் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான்" என்று நிமிர்ந்தவரின் வாயிலேயே ஒரு குத்து விட்டேன்.

சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். எழ விடாமல் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் குத்தினேன். "உன் பிள்ளையா இருந்தா இப்படி ஏமாத்துவியா?" என்று கத்தினேன். அவர் கைக்கு வாளி சிக்கியது. அதன் விளிம்பு என் புருவத்தைக் கிழித்தது. கண்ணில் ரத்தம் இறங்க, எங்கே என்று பார்க்காமல் உதைத்தேன். அவர் விலாவில் பட்டது. ஓடிவந்து குறுக்கே விழுந்த தங்கையையும் தள்ளிவிட்டேன். அவள் முழங்கை சிமெண்டில் தேய்ந்து தோல் உரிந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பின்னாலிருந்து என்னை இறுக்கிப் பிடித்த பிறகுதான் நின்றேன்.

"எதுக்குண்ணே அடிக்கிறீங்க? ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் தங்கை.

காரணத்தைச் சொன்னேன். அவள் என் காரிலிருந்து கணினியை எடுத்து வந்து, நாற்காலியில் வைத்துத் திறந்தாள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"படிங்க. சத்தமா."

ப்ராசசர் என்ற சொல்லுக்கு எதிரே ஐ செவன் என்றுதான் இருந்தது. படித்தேன்.

"ஹார்ட் டிஸ்க்தான் பழசு" என்றார் அவர், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "மாத்தணும்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

குளுவாங் மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். முன்பற்கள் இரண்டு போய்விட்டன, விலா எலும்பில் விரிசல். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாக டாக்டரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அவர் ஒரு மாதத்தில் என்னோடு பேசிவிட்டார். தங்கை இன்னும் பேசவில்லை. தீபாவளிக்கு மகளை மட்டும் அழைத்தாள். போய்வந்த மகளிடம், என்னைப் பற்றிக் கேட்டாளா என்று விசாரித்தேன்.

"இல்லப்பா" என்றாள்.