காந்தத்தை நிறுத்திவிட்டுச் சரிபார்த்தது

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு வீடாக இருக்காது. எந்த நாற்காலியைப் பார்த்தாலும் ஈரத்துண்டு. அந்த வருடமும் சொந்தக்காரர்கள் ஐந்தருவிக்கும் பேரருவிக்குமாகப் போய் வந்துகொண்டிருக்க, நான் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் மடிக்கணினியோடு ஒண்டிக் கிடந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டே பகுதிநேரமாகச் செய்த ஆய்வு. நீட்டிப்பும் இரண்டு முறை வாங்கியாயிற்று. வெள்ளி தாண்டினால் பதிவு ரத்து, மறுபடி முதலிலிருந்து.

"அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்ணுத?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். மேல்நோக்கி இழுபடும் சூடான தகடு ஒன்று. அதை ஒட்டி, கண்ணுக்கே தெரியாத செம்புத்துகள் கலந்த தண்ணீர். தகடு இழுப்பதால் கொஞ்சம் ஓடும், சூட்டில் தானாக எழும்பிக் கொஞ்சம் ஓடும். குறுக்கே காந்தப்புலம் வைத்தால் அந்த ஓட்டமும், அது சூட்டைக் கடத்துவதும் என்னவாகும்? இவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட நான் தொட்டதில்லை. எல்லாம் சமன்பாடும் கணினி நிரலும்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அருவிக் குளியலுக்கு எண்ணெய்க் குப்பியைத் தேடப் போயிருப்பார்.

ஆனாலும் எனக்குள் ஒரு கெத்து இருந்தது. என் கணக்கில் காந்தத்தைக் கூட்டக் கூட்ட ஓட்டம் வேகமெடுத்தது, சூடும் கூடுதலாகக் கடந்தது. நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் இதற்கு நேர்மாறு. "இதுதாம்மா உங்க ஆய்வோட புதுமையே" என்று நெறியாளர் பூரித்துப்போனார். ஏன் அப்படி ஆகிறது என்று செம்புத்துகள் மேல் பாரத்தைப் போட்டுப் பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கீழப்பாவூரிலிருந்து வந்திருந்த மதினி, அதாவது என் கணவரின் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். வீடு வீடாகப் போய் கரண்டு ரீடிங் எடுக்கிற வேலை அவருக்கு.

"என்னட்டி இது, கோடு மேல மேல போகுது?"

"காந்தம் கூடக் கூட ஓட்டம் வேகமாகுது மதினி."

"வேகமாவா? பழைய சக்கர மீட்டர்ல காந்தத்த ஒட்டி வச்சுக் கரண்டு திருடுவானுவ. எத்தன வீட்டுல புடிச்சிருக்கேன்! காந்தம் வச்சா சக்கரம் மெதுவால்லா சுத்தும்? ஒனக்கு மட்டும் எப்படிட்டி வேகமா ஓடுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அது மீட்டரு, இது ஆராய்ச்சி மதினி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"சரிட்டி, எனக்கென்ன தெரியும்" என்று காப்பி போடப் போய்விட்டார்.

அவர் போனதும்தான் எனக்கு உறைத்தது. அலுமினியச் சக்கரத்தைக் காந்தம் பிடித்து நிறுத்துவதும், மின்சாரம் கடத்தும் திரவத்தைப் பிடித்து நிறுத்துவதும் ஒரே விதிதான். வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். நிரலைத் திறந்து காந்த விசை வரும் வரியைப் பார்த்தேன். கழித்தல் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல். அடிப் பாவி, மூன்று வருஷம்!

சரிபார்க்காமல் இல்லை. எங்கள் துறையில் எல்லாரும் செய்கிற மாதிரிதான் செய்தேன். காந்தத்தைப் பூஜ்யமாக்கி, பழைய கட்டுரை ஒன்றின் எண்களோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை. நான்கு தசம இடம் வரை அச்சாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? பூஜ்யத்தைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன? காந்தத்தைப் பற்றிய ஆய்வைக் காந்தத்தை நிறுத்திவிட்டுச் சரிபார்த்திருக்கிறேன். அந்த அட்டவணையை எத்தனை பேர் பார்த்தார்கள், ஒருத்தருக்காவது தோன்றியதா? எனக்கே தோன்றவில்லையே என்றுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நெறியாளருக்குப் போன் போட்டேன். கழித்தலுக்குப் பதில் கூட்டல் விழுந்திருப்பதைச் சொன்னேன்.

"மைனஸ் போட்டா என்ன வருது?"

"எல்லாருக்கும் வர்றதுதான் சார் வருது. புதுசா ஒண்ணும் இல்ல."

"படம் எல்லாம் திரும்பப் போடணும். மூணு நாள்ல முடியுமா?"

"முடியாது சார்."

"அப்ப அப்படியே குடுத்திருங்கம்மா. அந்த அட்டவணையைப் பாத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நீங்களா சொன்னாத்தான் உண்டு."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்ன அதே யோசனையோடுதான் நானும் போனை எடுத்திருந்தேன். அடுப்படியிலிருந்து மதினி காப்பியோடு வந்து, கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து, சத்தம் வராமல் டம்ளரை என் பக்கத்தில் வைத்தார்.

"எங்க மதினிக்குத் தெரிஞ்சிருச்சு சார்" என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கூட்டலை அழித்துக் கழித்தல் போட்டு நிரலை ஓட்டினேன். கோடு கீழே இறங்கியது. கெடு முடிகிற வெள்ளிக்கிழமை எல்லாரும் பழைய குற்றால அருவிக்குக் கிளம்பினார்கள். நானும் துண்டை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.